புதிதாக வாங்கிய டரான்டுலாவுக்கு என்ன ஆச்சு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டரான்டுலா என்ற பெரிய, முடி நிறைந்த சிலந்தியை வாங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சாப்பிட மாட்டேன் என்கிறது, நாள் முழுக்கக் கண்ணாடியில் ஏறுகிறது, மல்லாந்து கிடக்கிறது, குழிக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டது. படம் அனுப்பிக் கேட்பவர்களுக்கு அதே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்குப் பதில் அறிகுறிவாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் சிலந்திக்கு ஒன்றும் இருக்காது, அதன் வீடுதான், அதாவது அதை வைத்திருக்கும் டப்பாதான், தப்பாக இருக்கும். வீடு ஏன் தப்பானது என்று பார்த்தால், எந்த இனம் என்று தெரியாமலே அமைத்திருப்பார்கள். அதனால் எந்தப் பிரச்சினைக்காக வந்திருந்தாலும் முதல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

## என்ன இனம் என்றே தெரியவில்லை

செலவில்லாத வேலை முதலில்: விற்றவரிடமே அறிவியல் பெயரை எழுதி வாங்குங்கள். ‘ரெட் நீ’, ‘பிங்க் டோ’ மாதிரி வியாபாரப் பெயர்களை நம்ப முடியாது, ஒரே பெயரில் நாலு இனம் விற்பார்கள். மெக்சிகோ ரெட் நீ என்று வருடக்கணக்கில் பிராக்கிபெல்மா ஸ்மித்தி பெயரில் கைமாறியவற்றில் பெரும்பாலானவை உண்மையில் பிராக்கிபெல்மா ஹமோரி என்பது 2017-இல் வந்த ஆய்வுக்குப் பிறகுதான் தெளிவானது. ஆனால் அந்த இரண்டுக்கும் வீடு ஒன்றுதான். அதாவது துல்லியமான பெயர் கிடைக்காவிட்டாலும் தரையில் வாழ்வதா, குழி தோண்டுவதா, மரத்தில் வாழ்வதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெயர் கிடைக்கவில்லை என்றால் டப்பாவைத் திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள்.

வயிற்றின் பின்பக்கம் வழுக்கையாக இருக்கிறது, அல்லது பின்னங்காலால் முடியை (பட்டால் அரிக்கும் முடி) தட்டி விடுகிறது. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. உடல் தடிமனாக, நடை நிதானமாக இருந்தால் தரைவாசி: பிராக்கிபெல்மா, கிராமோஸ்டோலா, சுருட்டை முடி கொண்ட ட்லில்டோகாட்ல் அல்போபைலோசஸ் போன்றவை. புதிதாக வளர்ப்பவர்களிடம் அதிகம் வந்து சேர்வதும் இவைதான்.

உடல் ஒல்லி, பாதங்கள் அகலமாக மெத்தை மாதிரி, மேல் மூலையில் குழாய்போல வலை பின்னுகிறது. மரவாசி. கால் நுனி மட்டும் இளஞ்சிவப்பு என்றால் அவிகுலேரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். குட்டி நீலமாக இருந்தால் காரிபெனா வெர்சிகலரா என்று பாருங்கள், அது வளர வளரப் பச்சையும் சிவப்பும் கலந்த நிறத்துக்கு மாறும்.

வழுக்கை இல்லை, முடி தட்டுவதில்லை, டப்பாவை அசைத்தாலே முன்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டுகிறது அல்லது கண் இமைக்கும் நேரத்தில் காணாமல் போகிறது. ஆசியா அல்லது ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் விஷம் வலுவானது, கையில் எடுக்கும் பேச்சே வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு: சல்மோபோயஸ் அமெரிக்கப் பக்கத்துச் சிலந்திதான், ஆனால் அதற்கும் அரிப்பு முடி கிடையாது, வேகமும் குறைவில்லை.

முதுகிலும் வயிற்றிலும் கிளை கிளையாகப் பிரியும் சாம்பல், வெள்ளை, கறுப்புக் கோலம். முன்கால்களின் அடியில் பளிச்சென்ற மஞ்சள். இது பொசிலோதீரியா. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் பேரினம், நம்ம ஊர்க்காரர். ராமேஸ்வரம் பகுதியின் பழைய மரங்களில் வாழும் பொசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா அழிவின் விளிம்பில் இருக்கிறது. இந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது, பிராக்கிபெல்மா அதற்கும் வெகுகாலம் முன்பே சேர்ந்துவிட்டது. இந்தியாவில் 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024-இல் வந்தன, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத்தான் பதிவு. விற்றவரிடம் காகிதம் இல்லை, அல்லது “தோப்புல புடிச்சதுங்க” என்று அவரே சொல்கிறார் என்றால் நீங்கள் பேச வேண்டிய இடம் வனத்துறை. பயந்துபோய் நீங்களாகக் கொண்டுபோய் ஏதோ ஒரு மரத்தில் விட்டுவிடாதீர்கள்.

விரல் நகம் அளவுள்ள குட்டி என்றால் பார்வையை வைத்து இனம் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். நாலைந்து சென்டிமீட்டர் வளரும் வரை காத்திருங்கள், உரித்த தோலை எல்லாம் பத்திரப்படுத்துங்கள். காய்ந்த தோலை ஒரு சொட்டுச் சோப்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக விரித்தால் ஆணா பெண்ணா என்பதையும் அனுபவசாலிகள் அதை வைத்தே பார்த்துச் சொல்வார்கள். சிலந்தியைத் தொடவே தேவையில்லை.

இனிமேல் வீட்டு அளவு. தரைவாசிக்குத் தரை நீளம் கால் விரிப்பைப்போல (கால்களை விரித்து நிற்கும்போது எதிரெதிர்க் கால் நுனிகளுக்கு இடையே உள்ள நீளம்) மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு இருந்தால் தாராளம். மண் மட்டத்திலிருந்து மூடி வரை உயரம் கால் விரிப்பில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. உயரமான மீன் தொட்டியில்தான் வைப்பேன் என்றால் உயரத்தை மண்ணால் நிரப்புங்கள். குழி தோண்டும் இனத்துக்கு நிறையவே மண் வேண்டும், வளர்ந்ததற்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். மரவாசிக்கு மாறாக உயரம் வேண்டும், சாய்த்து நிறுத்திய கார்க் பட்டை வேண்டும், எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளை வேண்டும். மண்ணுக்கு உரம் கலக்காத கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போதும், உப்புப் போக ஒன்றிரண்டு முறை அலசிப் பிழிந்து போடுங்கள். ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிய ஒரு இடம். விளக்கு, பஞ்சு, செயற்கைப் பாறை, வெப்பக் கல் எல்லாம் கடைக்காரருக்கு லாபம், அவ்வளவுதான்.

## நாள் முழுக்கக் கண்ணாடியில் ஏறுகிறது, தரையில் கால் வைக்க மாட்டேன் என்கிறது

வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையா? விட்டுவிடுங்கள், புது இடம் பழகுகிறது.

அதற்கும் மேல் போனால் மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் காரணம் அதுதான். சிலி நாட்டு ரோஸ் என்று விற்கும் கிராமோஸ்டோலா போர்டெரி வறண்ட நிலத்துச் சிலந்தி. ஈர மண்ணில் விட்டால் நாலு கால் சுவரில், நாலு கால் கிண்ணத்தின் விளிம்பில் என்று நிற்கும். இதன் மண் காய்ந்தே இருக்கட்டும், கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் வையுங்கள். சென்னை, யாழ்ப்பாணம், கிள்ளான் மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே போதுமான ஈரம் இருப்பதால் தரைவாசிகளுக்குத் தெளிப்பானைத் தொடவே வேண்டாம். லண்டனிலோ டொராண்டோவிலோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறை என்றால் கதை வேறு, ஈரம் கேட்கும் இனங்களுக்கு மண்ணின் ஒரு மூலையில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

மண் சரியாக இருந்தால் ஒளிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இருக்கிறது என்றால் வெப்பம். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் டப்பா வெந்துவிடும். 22 முதல் 28 டிகிரி வரை பிரச்சினையில்லை, நமக்கே புழுக்கம் தாங்கவில்லை என்றால் டப்பாவைத் தரைக்கு, சுவரோரத்துக்கு இறக்குங்கள். குளிர் நாட்டில் இருப்பவர்கள் அடியில் வைக்கும் வெப்பப் பாயைத் தவிர்த்துவிடுங்கள். சூடு அதிகமானால் கீழே தோண்டித் தப்பிப்பதுதான் இதன் இயல்பு, கீழேயும் சூடு என்றால் எங்கே போகும்? அறையைச் சூடாக்குங்கள், போதும்.

எல்லாம் சரி, ஆனாலும் ராத்திரி முழுக்க நடக்கிறது, வாயருகே உள்ள குட்டிக் கைகளின் நுனி குத்துச்சண்டை உறைபோல உருண்டிருக்கிறது என்றால் அது முதிர்ந்த ஆண். பெண்ணைத் தேடி அலைகிறது. அதைச் சரிசெய்ய ஒன்றும் இல்லை, மிச்சமிருக்கும் ஆயுளும் குறைவு. பெண் என்று சொல்லி விற்றிருந்தால் சண்டை போட வேண்டியது கடைக்காரரிடம்.

ஏறும் பழக்கம் எதனால் வந்தாலும் கம்பிவலை மூடியை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். நகம் சிக்கித் தொங்கிக் கால் முறிந்த படங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. துளையிட்ட அக்ரிலிக் தகடு மலிவுதான்.

## சாப்பிடவே மாட்டேன் என்கிறது

அதிகம் வரும் கேள்வி, அதிகம் பயப்படத் தேவையில்லாத கேள்வியும் இதுதான்.

வயிற்றைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கால்கள் முளைத்திருக்கும் முன்னுடலைவிட வயிறு பெருத்து, பளபளவென்று, வழுக்கைத் தோல் கருத்துப்போய் இருந்தால் தோலுரிக்கப் போகிறது. குட்டிகளில் இது வாரக்கணக்கு, வளர்ந்தவற்றில் மாதக்கணக்கு. உயிருள்ள இரையை உள்ளே விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்; தோலுரிக்கும்போது சிலந்தியின் உடல் மெத்தென்று இருக்கும், ஒரே ஒரு கிரிக்கெட் பூச்சி கடித்தே கொன்றுவிடும். எந்த நேரமானாலும் 24 மணி நேரத்துக்குள் தின்னாத இரையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

வயிறு சாதாரணமாக இருக்கிறது, வந்து சில நாள்தான் ஆகிறது என்றால் ஒரு வாரம், பத்து நாள் இரையே காட்டாமல் விடுங்கள். இரை பெரிதாக இருந்தால் பயந்து பின்வாங்கும். சிலந்தியின் வயிற்றைவிடச் சின்னதாகக் கொடுங்கள், குட்டி என்றால் தலை நசுக்கிய பூச்சித் துண்டே போதும். குளிர்காலத்தில் 20 டிகிரிக்குக் கீழே போன அறையில் பசியும் குறைந்துவிடும். சிலி ரோஸ் வைத்திருப்பவர்கள் கூடுதல் பொறுமை வளர்த்துக்கொள்ளுங்கள். குண்டாக இருக்கும்போதே மாதக்கணக்கில் நோன்பு இருக்கும், ஒரு வருடம் தாண்டியும் இருந்ததுண்டு. தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு முன்னுடலைவிடச் சிறுத்து, சுருங்கிப்போய் இருந்தால் அது வேறு விஷயம். முதலில் தண்ணீர். கிண்ணத்தை நிரப்பி, மண்ணில் ஒரு ஓரத்தை நனைத்து, மறுநாள் சின்ன இரை. இரண்டு வாரம் இப்படிப் பார்த்தும் வயிறு தேறவில்லை என்றால், அல்லது வாயைச் சுற்றி வெள்ளையாகப் பசைபோல ஏதோ படிந்து நாற்றம் வருகிறது என்றால், ஒட்டுண்ணிப் புழுவாக இருக்கலாம். காட்டிலிருந்து பிடித்து விற்றவற்றில் இந்த ஆபத்து அதிகம். டப்பாவை மற்றச் சிலந்திகளிடமிருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள், இடுக்கியையும் தனியாக வையுங்கள், அயல் விலங்குகள் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நம்பகமான மருந்து இல்லை என்று அவர் சொல்ல வாய்ப்பு அதிகம், ஆனால் மற்றவற்றைக் காப்பாற்ற அது என்னவென்று உறுதியாகத் தெரிவதே பெரிய விஷயம்.

## மல்லாந்து கிடக்கிறது

தொடாதீர்கள். ஊதாதீர்கள். “செத்துடுச்சா?” என்று குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். முதுகு கீழே, கால்கள் மேலே என்றால் தோலுரிக்கிறது. குட்டிக்குச் சில நிமிடம் போதும், பெரியதற்குப் பல மணி நேரம் ஆகும். விளக்கை அணைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். தோலுரித்த பிறகு பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகுதான் சாப்பாடு: குட்டிக்கு நாலைந்து நாள், வளர்ந்ததற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம்.

ஒரு கால் மட்டும் பழைய தோலில் சிக்கியிருந்தால், மெல்லிய தூரிகையால் சிக்கிய இடத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருங்கள், இழுக்க வேண்டாம். கால் போனாலும் அடுத்தடுத்த தோலுரிப்பில் முளைத்து வரும். முன்னுடலின் தோலே கழலவில்லை, ஒரு நாள் கடந்துவிட்டது என்றால் மருத்துவர் வேலை.

மல்லாக்க இல்லை, நின்ற நிலையிலேயே கால்கள் எல்லாம் உடலுக்கு அடியில் சுருண்டுவிட்டன. இது தோலுரிப்பு இல்லை, ஆபத்து. பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு. ஆழமில்லாத மூடியில் தண்ணீர் விட்டு, அதன் விளிம்பில் முன்பக்கத்தைச் சாய்த்து, வாய் மட்டும் தண்ணீரில் படும்படி வையுங்கள். மூச்சு வாங்கும் துளைகள் வயிற்றின் அடியில் இருப்பதால் வயிறு நனையக் கூடாது. பிழைப்பதாக இருந்தால் சில மணி நேரத்தில் கால்கள் மெல்ல விரியும்.

## குழிக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டது

தோலுரிக்கும், அல்லது சும்மா இருக்கும். தோண்டாதீர்கள். கிண்ணத்தில் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள். காசு கொடுத்து மண் டப்பாவா வாங்கினோம் என்று தோன்றும், குழிவாசி வளர்ப்பது கொஞ்சம் அப்படித்தான்.

## கண்ணாடியில் வியர்வை, பூஞ்சை, பூச்சி ஓட்டம், நாற்றம்

தின்று போட்ட மிச்ச உருண்டையைத் தேடி எடுங்கள், பாதி நாற்றம் அதோடு போய்விடும். அப்புறம் துளைகள்: மூடியில் மட்டும் இருந்தால் போதாது, பக்கவாட்டிலும் சூடான ஊசியால் துளை போடுங்கள், நிச்சயமாகச் சிலந்தியை வெளியே எடுத்த பிறகு. மரவாசிகள் தேங்கிய ஈரக் காற்றில்தான் அதிகம் சாகின்றன. ‘ஈரப்பதம் 80 சதவீதம்’ என்று அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து டப்பாவை இறுக்கி மூடி, தினமும் தெளித்தே அவிகுலேரியாவைச் சாகடிப்பார்கள்.

ஓடும் பூச்சி நீளமாக, தொட்டால் துள்ளினால் ஸ்பிரிங்டெயில், பூஞ்சையைத் தின்னும் நல்ல பூச்சி, இருக்கட்டும். உருண்டையாக, மெதுவாக, சிலந்தியின் வாயோரத்திலோ கால் மூட்டிலோ கூட்டமாக இருந்தால் உண்ணி வகை. மண்ணை முழுக்க மாற்றி, சில நாள் காய்ந்த டப்பாவில் தண்ணீர்க் கிண்ணத்தோடு வையுங்கள். வாயை மறைக்கும் அளவு மொய்த்தால் மருத்துவர்.

எறும்பு வந்தால் நெய் டப்பாவுக்குச் செய்வதையே செய்யுங்கள்: தட்டில் தண்ணீர், நடுவில் டப்பா. எறும்புச் சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் அடுத்த பகுதி.

## தள்ளாடுகிறது, கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன

வீட்டில் என்ன தெளித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் செருகும் கொசு விரட்டி, கரப்பான் ஸ்பிரே, நாய்க்குப் போட்ட உண்ணி மருந்து, பக்கத்து வீட்டில் நடந்த பூச்சி ஒழிப்பு: எல்லாமே பூச்சிக்கொல்லி, சிலந்திக்கும் அது கொல்லிதான். நம் வீடுகளில் ராத்திரி கொசு விரட்டி எரியாத அறை அபூர்வம் என்பதால் காரணம் தெரியாமல் செத்தது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். டப்பாவைக் காற்றோட்டமான வேறு அறைக்கு மாற்றி, மண்ணையும் தண்ணீரையும் புதிதாக்கி, இருட்டில் விட்டுவிடுங்கள். சமையலறையில் பிடித்த கரப்பானை இரையாகக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள், அது எந்த மருந்தைத் தின்று வந்ததோ! இரைப்பூச்சி வளர்ப்பவரிடமிருந்தே வாங்குங்கள். தூங்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள், சிலந்திக்கும் நமக்கும் நல்லது.

இரண்டு நாளில் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டலாம், ஆனால் இதற்கு மாற்று மருந்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

## விழுந்துவிட்டது, ஏதோ நீர் கசிகிறது

கசிவது அதன் ரத்தம், நிறமில்லாமலோ லேசான நீலமாகவோ தெரியும். காலில் சின்னக் கசிவு என்றால் பஞ்சுக் குச்சியால் கார்ன்ஃபிளவர் மாவையோ வாசலினையோ வைத்து அடைத்துவிட்டு அசையாமல் விடுங்கள். மோசமாக முறிந்த காலைத் தானே கழற்றிப் போட்டுவிடும், அதில் பதற ஒன்றும் இல்லை. வயிற்றில் கீறல் என்றால் அதே முதலுதவி, உடனே மருத்துவர். தரைவாசிக்கு வயிற்றில் வெடிப்பு வந்தால் பிழைப்பது கஷ்டம், அதனால்தான் மேலே உயரத்தைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

## உங்களுக்கு அரிக்கிறது, கண் எரிகிறது, அல்லது கடித்துவிட்டது

தோலில் அரிப்பு என்றால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை ஒற்றி ஒற்றி எடுங்கள், பிறகு குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். தெராபோசா இனத்து முடி வைத்தியம் பார்க்கும் அளவுக்குப் படுத்தும். டப்பாவைச் சுத்தம் செய்யும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், முகத்தை மூடிக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள்.

கண்ணில் பட்டுவிட்டது என்றால் வீட்டு வைத்தியம் கிடையாது. தேய்க்காமல் தண்ணீர் விட்டு அலசிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய் “டரான்டுலா முடி பட்டது” என்று அப்படியே சொல்லுங்கள். அந்த முடி கருவிழிக்குள் குத்தி நிற்கும், கருவியில் பார்த்தால்தான் தெரியும், சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்தோடு அனுப்பிவிடக் கூடாது.

கடி: அமெரிக்க இனங்கள் என்றால் பெரும்பாலும் தேனீ கொட்டியது மாதிரி வலித்து அடங்கும். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் ஒவ்வாமை, அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். பொசிலோதீரியா மாதிரி ஆசிய, ஆப்பிரிக்க இனம் கடித்திருந்தால் எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கடுமையான தசைப்பிடிப்பு வரும், சில நாள் கழித்துத் திரும்பியும் வரும். பாம்புக்கடி மருந்து இதற்கு உதவாது, ஆகவே இனத்தின் பெயரை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.

## மருத்துவரிடம் கொண்டுபோவது எப்படி

போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோரும் சிலந்தி பார்ப்பதில்லை. சிலந்தியை அதன் கால் விரிப்பைவிடக் கொஞ்சமே பெரிய துளையிட்ட டப்பாவில், ஈரமாக்கிப் பிழிந்த டிஷ்யூ காகிதம் சுற்றிலும் வைத்து, மூடியை டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள். வெயிலில் நிற்கும் காரிலோ வண்டியின் டிக்கியிலோ வைக்க வேண்டாம். கூடவே சிலந்தி வீட்டின் படம், கடைசியாக உரித்த தோல், எப்போது சாப்பிட்டது, எப்போது உரித்தது என்ற தேதிகள், அறை வெப்பம், வீட்டில் பயன்படுத்தும் கொசு மருந்தின் பெயர். மருத்துவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் அரிப்பு முடி உள்ள இனமா, வேகமான இனமா என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.